மாமியார் கேட்ட மூன்றாவது கேள்வி

ஜூன் 9

தம்பிக்கு,

நேற்று காலையிலிருந்து சிறை வாசலில் நின்றேன். உன்னைக் கூப்பிடப் போன காவலர் தனியாகத் திரும்பி வந்தார். "வரமாட்டேங்கறான்மா. எனக்கு அக்கான்னு யாரும் இல்லேங்கறான்" என்றார். அவருக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. சரி, நீ வராவிட்டால் என் எழுத்து வரட்டும் என்று எழுதுகிறேன். உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போவதும் அந்தக் காவலர்தான். அவருக்கு என் வணக்கம்.

நம் சின்னவனை அடக்கம் செய்துவிட்டோம். பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தூக்கியவர்கள் கனமே இல்லை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலை வெடித்ததில் அவனோடு போன பளுதூக்கி ஓட்டியவரையும் அதே நாளில்தான் அடக்கம் செய்தார்கள். நீ இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன்.

இரும்புக் கிடங்கு துரு அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறார்கள். தாடை மூன்றாக உடைந்திருக்கிறது. இடது கண் போய்விட்டது. இதையெல்லாம் செய்தது நான் வளர்த்த கை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அம்மா போன பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் சோறு ஊட்டியவள் நான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை நடைபாதையிலிருந்து நீ என்னைக் கூப்பிட்டாய். "மாமியார் என்ன சொல்றா?" என்று எங்கள் கணினியைப் பற்றிக் கேட்டாய். "இப்போதைக்கு ஈர இரும்பைத்தான் முதல் சந்தேகமா வச்சிருக்கு, ஆனா..." என்றேன். அந்த 'ஆனா'வோடு நீ இணைப்பைத் துண்டித்தாய். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதற்குள் கிடங்குக்குப் போய்விட்டாய்.

கையில் தீப்புண் ஆறிவிட்டதா? மருந்து தருகிறார்களா?

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னவன் எரிந்ததை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். அவன் போட்டிருந்த கவச உடுப்பு அவன் தோலோடு சேர்ந்து கையில் வந்தது. அவனை இழுத்த கை இது. அதே கையால்தான் துருவை அடித்தேன். இப்போது சொல், எந்தக் கையை நீ வளர்த்தாய்?

உனக்கு ஆனாவும் ஆவன்னாவும் இருக்கும். நீ எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், குளிர் அறையில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்க்கிறவள். உலையில் எது கெட்டாலும் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லும் என்று நீங்கள்தான் அந்தக் கணினியைக் கொண்டுவந்து மாட்டினீர்கள். அது என்ன சூடு, எப்போது பார்த்தாய், எந்தப் பக்கம் என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பையன்கள் மாமியார் என்று பேர் வைத்தார்கள். வைத்தாலும், அது சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். ஈர இரும்பு என்றது; ஈரம் உருக்கில் விழுந்தால் வெடிக்கும். உலைக்கு இரும்பு அனுப்புகிறவன் துரு. இதில் இன்னும் என்ன யோசிக்க இருக்கிறது?

நாலு பேர் போனோம். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை, எழுந்து எங்களை நோக்கி வந்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கசடு இழுக்கும் கம்பியை எடுத்துப்போயிருந்தேன். முதல் அடி முழங்காலில். விழுந்த பிறகு எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. அவன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். கேட்கிற நிலைமையில் நான் இல்லை. வாயில் அடித்த பிறகு சொல்வதும் நின்றது.

எனக்கு வருத்தம் இல்லை. எழுதாதே.

*

ஜூன் 21

தம்பிக்கு,

எழுதாதே என்று எழுதத் தெரிந்தவனுக்குப் படிக்கவும் தெரியும்.

நீ திட்டினதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். ஆனால் இங்கே நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் அமைத்த விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை கூடியது. உலைக்கூட மேலாளர், நீங்கள் அவசரம் என்று கூப்பிடுகிற அந்த ஆள், மாமியாரின் முதல் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இயந்திரமே சொல்லிடுச்சு, ஈர இரும்பு. கோப்பை மூடிடலாம்" என்றார். அன்றைக்கே, நினைவில்லாமல் படுத்திருக்கிற துரு அண்ணன்மேல் கவனக்குறைவால் இரண்டு பேரைக் கொன்றதாக வழக்குப் பதிந்துவிட்டார்கள். கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறார்கள். உடைந்த காலுக்கு விலங்கு எதற்கு என்று அவர் மனைவி கேட்டதற்கு, விதி என்று பதில் சொன்னார்களாம்.

தம்பி, அந்தக் கணினி தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லை. சந்தேகங்களை வரிசையாக வைக்கும். அதில் ஒவ்வொன்றையும் அடித்துப்போட என்ன தெரிய வேண்டும் என்று நம்மைக் கேட்கும். கேட்டதற்கு நாம் பதில் சொல்லச் சொல்ல வரிசை மாறும். உன்னிடம் நான் சொன்னது யாரும் எந்தப் பதிலும் சொல்லாதபோது இருந்த வரிசை. அவசரம் அச்சடித்ததும் அதுதான். அடுத்த பக்கத்தில் அது மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் அச்சடிக்கவில்லை.

பதில் தெரிந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் மண்ணுக்குள். ஒருவருக்கு வாய் இல்லை. மிச்சம் நீ.

கேள்விகள் இவை. ஒன்று, வெடித்தபோது உலைக்குள் இரும்பு போட்டுக்கொண்டிருந்தார்களா? இரண்டு, முதல் சத்தம் உலையின் வாயிலிருந்து வந்ததா, அடியிலிருந்தா? மூன்று, அதற்கு முன்னால் உலைக்குக் கீழே உள்ள குழியில் யாராவது தண்ணீர் பார்த்தார்களா?

எனக்காக வேண்டாம். சின்னவன் எதனால் செத்தான் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டவைத்தேன். மூன்றாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. முதலிரண்டைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஒன்று. இல்லை. இரும்பு போட்டு முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. உருக்கு தயார். ஊற்று வாளிக்காகக் காத்திருந்தோம். சின்னவன் மேடைமேல் நின்று சூடு பார்க்கும் கோலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னிக்குச் சீக்கிரம் கிளம்பிடலாம்ணா" என்றான்.

இரண்டு. அடியிலிருந்து. தரையை யாரோ கீழிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு குத்து. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. அதற்குப் பிறகுதான் உலை வாயைத் திறந்தது. உருக்கு மொத்தமும் ஒரே தூணாக எழுந்து கூரையில் அடித்துச் சிதறியது. பளுதூக்கியின் கூண்டு நேர் மேலே இருந்தது. அதற்குள் இருந்தவர் கத்தக்கூட இல்லை. கண்ணாடி உருகி வழிந்ததைப் பார்த்தேன். மேடை சரிந்து சின்னவன் என் பக்கமாக விழுந்தான். விழும்போது உயிர் இருந்தது. என் பெயரைச் சொல்லவில்லை அக்கா. உன்னைத்தான் கூப்பிட்டான்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் அன்றைக்குப் பார்வையாளர் ஜன்னலுக்கு வராமல் இருந்தேன்.

மூன்று. நான் தண்ணீர் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவன் யார் என்று இப்போது தெரிகிறது.

துருவை அடித்தபோது அவன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான் என்று எழுதினேன் இல்லையா? "கீழ பாருங்க, கீழ பாருங்க" என்று சொன்னான். காலடியில் விழுந்து கிடக்கிற தன்னைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். "பாத்துட்டுதான்டா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். உன் மூன்றாவது கேள்வியைப் படித்ததும்தான் புரிந்தது. அவன் குழியைச் சொல்லியிருக்கிறான். உலைக்குக் கீழே பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தானே, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். நான் அவன் வாயிலேயே அடித்தேன்.

சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். காவலர்கள் இரண்டு பேர் சேர்ந்து பிடித்துக் கட்டிலில் கட்டிப்போட்டார்கள். நேற்றுதான் அவிழ்த்தார்கள்.

மாமியார் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வெடிப்பதற்கு முந்தின வாரம் தண்ணீர்க் கசிவு மணி ஓயாமல் அடித்தது. அது அடித்தால் உலை தானாக நின்றுவிடும். அவசரம் இறங்கி வந்தார். "கழட்டுடா அந்தக் கம்பிய. இப்படி நின்னு நின்னு போனா நான் மேல என்ன பதில் சொல்றது?" என்றார். சின்னவன்தான் பக்கத்தில் இருந்தான். என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் கழற்றினான்.

அதைப் போட்டுக்கொள், போடாமல் இரு. அவன் பெயரை எழுதுகிற கை உனக்கு இருந்தால் எழுது.

தம்பி

*

ஜூலை 13

தம்பிக்கு,

கோழி கிண்டின மாதிரி எழுத்து இருக்கிறதே என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவன் என்னைக் கூப்பிட்டான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது.

உன் பதில்களை உள்ளே கொடுத்தேன். ஈர இரும்பு கடைசிக்குப் போய்விட்டது. முதலில் வந்தது உலைச் சுவர் அரிப்பு. சுவரைச் சுற்றிச் செம்புக் குழாயில் ஓடுகிற தண்ணீர், அரித்த இடத்தின் வழியாக உருக்குக்கு அடியில் புகுந்திருக்கிறது. உடனே மாமியார் இன்னொன்று கேட்டாள். அந்த மணியை அடிக்க வைக்கும் கசிவு மானி ஒரு வாரமாகச் சுழியத்திலேயே அசையாமல் நிற்கிறதே, அதற்கு உயிர் இருக்கிறதா? உயிருள்ள மானி கொஞ்சமாவது நடுங்கும். சுழியம் என்றால் கசிவு இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். கழற்றிப்போட்ட கம்பியும் சுழியத்தைத்தான் காட்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் முதல் நாள் அது ஈர இரும்பைப் பிடித்துக்கொண்டது. இப்போது அதைத் திருத்தியாகிவிட்டது. திருத்தி என்ன பயன், சொல்.

மருத்துவமனைக்குப் போய்த் துரு அண்ணன் மனைவியைப் பார்த்தேன். யார் என்று சொன்னதும் தண்ணீர்க் குவளையை எடுத்து என் முகத்தில் எறிந்தார். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவராகவே பேசினார். "அடியில தண்ணி சொட்டுதுன்னு ரெண்டு நாளா பொலம்பிட்டே இருந்தாரு. மேலாளர்கிட்ட சொன்னதுக்கு, இரும்பு பொறுக்கற வேலைய மட்டும் பாருன்னு சொல்லிட்டானாம்" என்றார்.

நான் மறு அறிக்கை எழுதுகிறேன் என்பது வெளியே தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், முகத்தை மறைத்துக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். திரைகளை உடைத்தார்கள், பெட்டிகளை உடைத்தார்கள், அச்சு இயந்திரத்தைக்கூட விடவில்லை. மாமியார் அந்த அறையில்தான் குடியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் கணக்கெல்லாம் வேறு ஊர்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்ல? பிறகு ஒருவன் என் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் நாற்காலிக் காலால் அடித்தான். "இனிமே எழுதுவியா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டான். கட்டைவிரல் தப்பியது. மற்ற நாலும் உடைந்துவிட்டன.

கத்தினேன். ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்போது முடிவு உன்னிடம். அறிக்கையில் கம்பி கழற்றப்பட்டதைப் போடாமல் இருக்க முடியாது. போட்டால் கழற்றியது யார் என்று கேட்பார்கள். செத்தவன்மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபம். 'சின்னப் பையன், விளையாட்டுத்தனமாகக் கழற்றிவிட்டான்' என்று முடித்துவிடுவார்கள். கழற்றச் சொன்னது அவசரம் என்பதற்கு உன்னைத் தவிர சாட்சி இல்லை. நீ சாட்சிக் கூண்டில் ஏறினால் உன் வழக்கையும் சேர்த்துத்தான் கிளறுவார்கள்.

அக்கா

*

ஜூலை 27

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் சிறை மருத்துவமனையில் படுத்திருந்தேன். பயப்படாதே, இப்போது உட்கார முடிகிறது.

துருவின் மச்சினன் ஒருவன் வேறு வழக்கில் இதே வளாகத்தில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். அமைதியாகத்தான் பேசினான்.

"எங்க மாமாவுக்கு நேத்து மூச்சு நின்னுடுச்சு. கேள்விப்பட்டியா?"

"இல்ல" என்றேன்.

"இப்ப கேட்டுக்கோ" என்றான். கரண்டிக் காம்பைத் தீட்டி வைத்திருந்தான். விலாவில் இரண்டு தடவை இறக்கினான். மூன்றாவது தடவை ஓங்கினபோது நான் கையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ நிறுத்தினான். காம்பைச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கை கழுவினான். நான் என் ரத்தம் தண்ணீரோடு போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். "ரெண்டு தடவையா வழுக்குச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

துரு செத்துவிட்டார். அவரை 'அவர்' என்று எழுத எனக்கு இவ்வளவு நடக்க வேண்டியிருந்திருக்கிறது. வழக்கு இனி கொலை.

உன் விரல்களை உடைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவசரத்தின் வண்டியை ஓட்டுகிறவனாக இருப்பான். பழைய ஆளாக இருந்திருந்தால் இங்கிருந்தே யாரிடமாவது சொல்லி அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். பக்கத்துக் கட்டில்காரன் முகவரி கேட்டான். வாயைத் திறந்துவிட்டேன் அக்கா, பாதித் தெருப் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் வரவில்லை. அவன்தான் என்று நான் பார்த்தேனா? இல்லை. விட்டுவிட்டேன்.

கூண்டில் ஏறுகிறேன். கம்பி கழற்றியதை அறிக்கையில் போடு. சின்னவன் பெயரையும் போடு. சொன்னவன் பெயரை நான் சொல்கிறேன்.

தம்பி

*

நவம்பர் 4

தம்பிக்கு,

உன் வக்கீல் நேற்று வீட்டுக்கு வந்தார். நல்ல செய்தி என்றார். நல்ல செய்திதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் சொல்வது இது. துக்கத்தில் நிலைகுலைந்து நின்றவனிடம் ஒரு கணினி, இன்னாரால்தான் உன் தம்பி செத்தான் என்று சொல்லிவிட்டது. அதை அவனிடம் சேர்த்ததும் சொந்த அக்கா. அவனுக்கு யோசிக்க அவகாசமே இல்லை. இப்படி நான் நீதிமன்றத்தில் சொன்னால் கொலை என்பது குறைந்துவிடும், மூன்று நான்கு வருடத்தில் நீ வெளியே வந்துவிடலாம். "நீங்க ஒரு வார்த்தைய மட்டும் விட்டுடணும்மா. அந்த 'ஆனா'வ" என்றார்.

விட்டுவிடுகிறேன். முடிவு செய்துவிட்டேன். சந்தேகம் என்று சொல்லவில்லை, துரு அண்ணன்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன் என்று சொல்கிறேன். ஒரு தம்பியை மண்ணில் வைத்துவிட்டேன். இன்னொருவனையும் கிழவனாகத்தான் பார்க்க வேண்டும் என்று என்னால் இருக்க முடியாது. இத்தனை வருடம் உண்மை உண்மை என்று கட்டி அழுததற்கு எனக்கு இந்த ஒரு பொய்க்கு இடம் இருக்கட்டும்.

விசாரணைக் குழுவில் நீ சொன்ன சாட்சியத்துக்குப் பிறகு அவசரத்தைக் கைது செய்தார்கள். ஆனால் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "விரல் சேந்துடுச்சாம்மா?" என்று விசாரித்தார்.

விசாரணை அன்று நான் வருவேன். நீ என்னைப் பார்த்து எதுவும் சொல்லாதே. நான் சொல்வதை மட்டும் மறுக்காமல் நில்.

அக்கா

*

டிசம்பர் 18

அக்கா,

நீதிமன்றத்தில் உன்னைப் பேசவிடாமல் எழுந்து நின்று கத்தியதற்கு நீ என்மேல் கோபமாக இருப்பாய். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான் போய்விட்டது.

அவசரத்தின் வக்கீல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியுமா? கையில் பேனாவோடு காத்திருந்தார். கணினி தவறான ஆளைக் காட்டிக் கொலை செய்ய வைத்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதே கணினிதான் மேலாளரையும் காட்டுகிறது, இதை மட்டும் எப்படி நம்புவது என்று அடுத்த மாதம் அந்த வழக்கில் எழுந்து கேட்டிருப்பார். உன் அறிக்கை குப்பைக்குப் போயிருக்கும். மறுபடி பழி சின்னவன்மேல், இல்லாவிட்டால் துரு அண்ணன்மேல். இரண்டு பேரும் வந்து பதில் சொல்ல முடியாது.

அதனால்தான் சொன்னேன். எங்க அக்கா ஈர இரும்பா இருக்கலாம்னுதான் சொன்னாங்க, ஆனான்னு ஆரம்பிச்சாங்க, நான்தான் கேக்கல, எனக்கு அடிக்க ஓர் ஆள் வேணும்னு இருந்துச்சு, கிடைச்சான், அடிச்சேன் என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறாயா என்றார். இப்பதான் ஐயா யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.

பதினாலு வருடம். நீ அழுதுகொண்டே வெளியே ஓடினாய். அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

என்னை நடத்திக் கூட்டிப்போனபோது துரு அண்ணன் மனைவி குறுக்கே வந்தார். செருப்பைக் கழற்றி அடித்தார். முகத்தில், காதில், தைத்திருந்த விலாவில். காவலர்கள் பிடிக்கப் போனார்கள். விடுங்க என்றேன். மறுபடி அடித்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கை ஓய்ந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "உனக்குத் தண்டனை கெடச்சிடுச்சு. அந்த மேலாளருக்கும் கெடைக்கும்ங்கறாங்க. எனக்கு என்னடா கெடைச்சுது?" என்று கேட்டார். காவலர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை விடுவித்தார். அவர் வீட்டுக்கு நீ போகிறாய் என்று வக்கீல் சொன்னார். குவளையை எறிந்தாலும் போ.

என்னை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே சின்னதாக ஒரு வார்ப்புக்கூடம் இருக்கிறதாம். உலை வேலை தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா, ஜூனிலிருந்து நாம் எழுதியதையெல்லாம் நேற்று திரும்பப் படித்தேன். சின்னவன் எப்படிச் செத்தான் என்றுதான் எழுதியிருக்கிறோம். யார் கொன்றார்கள், எது கொன்றது, அவன் பெயரை எங்கே போடுவது, எல்லாம் இருக்கிறது. அவன் இல்லை. கண்ணை மூடினால் எனக்கு அந்த மேடைதான் வருகிறது. அதற்கு முன்னால் இருந்த முகம் வர மறுக்கிறது.

அவன் பிறந்த அன்றைக்கு எனக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. உனக்குத் தெரியும். அம்மா அவனை முதலில் உன் கையில்தான் கொடுத்தாளாமே? அதை எழுது. வழக்கைப் பற்றி ஒரு வரி வேண்டாம். அவன் எவ்வளவு கனம் இருந்தான், எப்படி அழுதான், நீ பயந்தாயா, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாயா. உன் கை முழுசாக ஆறவில்லை என்று தெரியும். மெதுவாக எழுது. எனக்கு இனி அவசரம் எதுவும் இல்லை.

தம்பி